குளவியின் தேர்வு

குளவி புழுவைக் கொட்டிக் கொட்டித் தன் வடிவாக்கும் என்னும் உவமையை இளமை தொட்டே கேட்டு வந்தோம். ஆசிரியர் மாணாக்கரைத் தம்மைப்போல் ஆக்குதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டில்லை யென்று சென்ற ஆண்டு தமிழ்க் கழகத்தில் உரையாற்றிக் கைதட்டலும் பெற்றோம்.

அண்மையில், விடுதியின் பின்புறத்து அவரைக்கொடியில் மொய்த்த கரிய அசுவினிகளுக்கிடையே, சில மட்டும் வைக்கோல் நிறங்கொண்டு, ஊதி, அசைவற்றிருக்கக் கண்டோம். விலங்கியல் பயிலும் நண்பரை வினவ, அவர் உருப்பெருக்குக் கண்ணாடியை எம்மிடம் நீட்டி, "பொறுத்துப் பாரும்" என்றார்.

எறும்பினுஞ் சிறிய குளவியொன்று வந்தது. கண்டவுடன் அது முட்டையிடவில்லை. உணர்கொம்புகளால் ஒவ்வோர் அசுவினியையும் தட்டிப் பார்த்தது. மிக இளையதாயின் குஞ்சுக்கு இரை போதாது; முதிர்ந்ததாயின் உதைக்கும், பின்புறத்து இரு குழல்களினின்றும் பசைநீரை உமிழ்ந்து குளவியின் மேற் பூசும். ஆதலின் இடைப்பருவத்தனவே பெரும்பாலும் அகப்படுகின்றன. வயிற்றைக் கால்களினூடே முன்வளைத்து நொடிப்பொழுதிற் குத்துகின்றது. அவ்வூசியும் சுவையறியுமாம், வேறொரு முட்டை முன்னரே உள்ளிருப்பின் பலகால் வாளா விலகிவிடும். கருவுற்ற முட்டை பெண்ணும் கருவுறாதது ஆணுமாம்; பெரிய அசுவினியிற் பெண்ணையும் சிறியதில் ஆணையும் மிகுதியாக வைக்கும் இனங்களும் உள. தேர்வு மண்டபத்தில் எம்முள் எவரும் இத்துணை ஆராய்ந்து விடை தேர்ந்ததில்லை!

பின்னர் நிகழ்வதே எம்மைக் கலக்கியது. அசுவினி சாறுண்டு கொண்டிருக்கவே, உள்ளிருக்கும் புழு அதனைத் தின்று வளர்கின்றது. இறுதியில் வெறுங்கூட்டை இலையிலொட்டி, அதனுள் உறங்கி, வட்டமாய்த் துளைத்துக் குளவியாய் வெளியேறுகின்றது. உவமைக் குளவி மண்கூடு கட்டும் வேறினமே. ஆயினும் அங்கும் புழு இரையன்றி மாணாக்கனன்று.

டார்வின் 1860-இல் ஆசா கிரே என்னும் அமெரிக்கத் தாவரநூல் அறிஞருக்கு எழுதிய கடிதத்தில், உயிருள்ள புழுவைத் தின்னுமாறு இத்தகைய குளவிகளை அன்புள்ள கடவுள் கருதியே படைத்தாரென்று தம்மால் நம்பவியலவில்லை யென்றார். கிரே தம் விசுவாசத்தை விட்டாரில்லை. அன்றிரவு மாலைச் செபத்தில் படைப்புக்காக நன்றி கூறுங்கால் எம் நா சற்றே தயங்கியது. அசுவினிக்காகவோ, எம் உவமைக்காகவோ, அறியோம்.

மறுவாரம் கொடி பூத்திருந்தது. கூடுகளில் துளை விழுந்திருந்தது. கழகச் செயலாளர் அவ்வுரையை இம்மலருக்கு வேண்டினார். அதனைக் கொடாது இதனை எழுதித் தந்தோம்.