எட்டும் ஒன்றும்

திருவனந்தபுரத்தில், கிள்ளிப்பாலத்திலிருந்து வந்து கரமனைப் பாலம் ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால், நடைபாதை ஓரத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் செருப்புத் தைக்கிறவர். இன்னொருவர் லாட்டரிச் சீட்டு விற்கிறவர். நடுவே ஒரு மின்கம்பம். அதில் கட்டிய நீலத் தார்ப்பாய் இருவருக்கும் பொது. களியிக்காவிளை வரைக்கும் சாலையை அகலப்படுத்தத் தொடங்கியதில் பழைய இடம் போய், ஒதுங்கி ஒதுங்கிக் கடைசியில் இந்தக் கம்பத்தடிக்கு வந்து சேர்ந்தவர்கள்.

சற்றுத் தள்ளி பஸ் நிறுத்தம். நாகர்கோவில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவனைப் போல அங்கே நிற்பது எனக்கு வசதி. பஸ் வரும், போகும். நான் ஏறுவதில்லை. ஏன் என்று யாரும் கேட்டதும் இல்லை.

செருப்புக்காரரின் மரப்பெட்டியைத் திறந்தால் மூடியின் உட்புறம் தெரியும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அங்கே முருகனையோ மாதாவையோ ஒட்டிவைத்திருப்பார்கள். இவர் ஒட்டியிருப்பது ஒரு சிவப்புக் கேடயம், இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ சபையின் முத்திரை. ஞாயிற்றுக்கிழமை இவர் இடம் காலி. வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், காலரின் இருபுறமும் ‘எஸ்’ எழுத்து என்று ஆளே மாறிப் பாலத்தைக் கடந்து போவதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குக் காலில் பளபளவென்று ஷூ. மற்ற ஆறு நாளும் வெறுங்கால். இதில் எனக்கு ஒரு சின்ன சிரிப்பு உண்டு. சேனையை 1882இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த பிரெடரிக் டக்கர் ஐ.சி.எஸ். வேலையை உதறிவிட்டு, காவி உடுத்து, வெறுங்காலோடு நடந்தவர். அவருடைய படையில் செருப்புத் தைக்கிறவருக்கு என்ன வேலை இருந்திருக்கும்?

சேனையில் சேர்ந்தவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் உறுதிமொழியில் மது இல்லை, புகையிலை இல்லை, சூதாட்டம் இல்லை. அப்படிப்பட்டவருக்குப் பக்கத்துக் கடை லாட்டரி. கேரளத்தில் அரசே 1967இல் தொடங்கி நடத்தும் லாட்டரி. பிற்பகல் 3 மணி நெருங்கினால் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு பரபரப்பு. குலுக்கலுக்கு முன் கடைசிச் சீட்டுகளைத் தள்ளிவிட வேண்டும். 2022இல் ஓணம் பம்பர் 25 கோடி இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், ஸ்ரீவராகத்தில், ஓர் ஆட்டோ ஓட்டுநருக்கு விழுந்ததிலிருந்து இந்தச் சுற்றுவட்டாரத்தில் சீட்டு எடுக்காதவரை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள்.

லாட்டரிக்காரர் டீ குடிக்கவோ வேறு எதற்கோ எழுந்து போவார். பலகையை இவர் பார்த்துக்கொள்ள வேண்டும். வாங்க வருபவர்களிடம் இவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான். “காசை அங்க வச்சிட்டு நீங்களே கிழிச்சு எடுத்துக்கிடுங்க சார்.” சில்லறை வேண்டுமென்றால் காத்திருக்கச் சொல்வார். சீட்டைத் தொட மாட்டார், சீட்டுக் காசையும் தொட மாட்டார். ஆனால் பலகையைவிட்டு கண்ணை எடுக்க மாட்டார். ஒரு பையன் இரண்டு சீட்டைக் கிழித்து ஒன்றுக்குக் காசு வைத்தபோது, தைத்துக்கொண்டிருந்த செருப்பைக் கீழே போட்டுவிட்டுப் பாலம் வரை துரத்திப் போனார். விற்பது பாவம் என்று நினைக்கிற பொருளைத் திருட்டுப் போகாமல் காப்பது எந்தக் கணக்கில் வருகிறது என்று அவருடைய சேனையின் மேஜரைத்தான் கேட்க வேண்டும்.

“ஒரெண்ணம் எடுக்கு அண்ணாச்சி,” என்பார் லாட்டரிக்காரர், மிச்சம் இருக்கிற நாளில். “மோள்ட கல்யாணத்தினு ஆயிக்கோட்டே.”

“வேண்டாம் சாரே. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாச்சு.”

“அதினு ஆரு காணுன்னு?”

“நான் பாப்பேம்லா.”

இது தினமும் நடக்கும். இருவருக்கும் பழகிவிட்டது. அவர் கேட்பதில் கேலி இல்லை, இவர் மறுப்பதில் வீம்பும் இல்லை. கடன்காரன் வந்து நின்ற நாளிலும், மனைவியை மெடிக்கல் காலேஜில் சேர்த்துவிட்டு வந்து உட்கார்ந்த நாளிலும் அதே கேள்வி, அதே பதில். அந்த நாட்களில் பதில் வரக் கொஞ்சம் தாமதமாகும். கையில் ஊசி இருந்தால் இன்னொரு தையல் போட்டுவிட்டுச் சொல்வார்.

ஆனால் லாட்டரி சின்ன விஷயம். பெரியதை நான் பார்த்தது, அரசுச் சேவைகளுக்கு விண்ணப்பிக்கும் ஓர் அக்ஷயா மையத்தில்.

கரண்ட் பில் கட்டப் போயிருந்தேன். டோக்கன் வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபோது முன்வரிசையில் அவரும் மகளும். மகள் டிகிரி முடித்துவிட்டு அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வு எழுதிக்கொண்டிருப்பவள். மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், ரேஷன் கார்டு, ஆதார். சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வந்திருக்கிறார்கள். குடும்பம் தாத்தா காலத்தில் கல்குளம் பக்கத்திலிருந்து வந்தது. அப்போது அதுவும் இதுவும் ஒரே திருவிதாங்கூர்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் நல்லவள். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சாதியைக் கேட்டாள். அப்பா தாழ்ந்த குரலில் சொன்னார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. தட்டிக்கொண்டிருந்த விரல்கள் அடுத்த கட்டத்தில் நின்றன.

“மதம்?”

அப்பா வாயைத் திறக்கும் முன் அவளே திரும்பி, குரலை இறக்கி, தமிழும் மலையாளமும் கலந்து பேசினாள். “அண்ணாச்சி, ஞான் சொல்லுறது கேளுங்க. ஹிந்துன்னா பட்டியல் சாதி. பி.எஸ்.சி.யில எட்டு சதவீதம். கிறிஸ்தியன்னா ஓ.பி.சி., அதுல மதம் மாறினவங்களுக்கு ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. புக்குல கிறிஸ்தியன்னு இருந்தாலும் வழி உண்டு. சடங்கு நடத்தி சர்டிபிகேட் தருவாங்க. அதை கெஜட்டில போட்டா மதி. பின்னே ஞாயறாழ்ச்ச நீங்க எங்க போறீங்கன்னு ஆரு நோக்கான்?”

எட்டு, ஒன்று. எவ்வளவு தெளிவான கணக்கு! அவள் சொன்னதில் தப்பும் இல்லை. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, இந்துவாக இல்லாதவரைப் பட்டியல் சாதியாகக் கருத முடியாது என்றது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவர்களுக்குத் திறக்கவில்லை. திறக்கலாம் என்று 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் எழுதிக் கொடுத்தது. 2022இல் இன்னோர் ஆணையம், கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் அமைந்தது. ஆனால் திரும்பிப் போக வழி உண்டு. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம், தாய்மதம் திரும்பியவரை அந்தச் சாதியார் ஏற்றுக்கொண்டால் பழைய நிலை கிடைக்கும் என்றது. 2024 நவம்பரில் அதே நீதிமன்றம், புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில், சர்ச்சுக்குப் போய்க்கொண்டே வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசமைப்புக்குச் செய்யும் மோசடி என்றது. ஆக, கதவு திறந்திருக்கிறது. நுழைகிறவர் உள்ளதை விட்டுவிட்டு நுழைய வேண்டும். விடாமல் நுழைந்தவர்களும் எத்தனையோ பேர். பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், சபையில் ஒரு பெயர். அவர்களைக் குறைசொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அந்த ஏழு சதவீத வித்தியாசத்தை நான் என் வாழ்நாளில் சுமந்ததில்லை.

இவரைப் பார்த்தபோது எனக்கு சூசை வழக்கு ஞாபகம் வந்தது. சூசையும் செருப்புத் தைத்தவர், சென்னையில், சாலையோரம். அங்கே அரசு 1982இல் இப்படிப்பட்ட தொழிலாளர்களுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கிடைத்தது, கிறிஸ்தவர் என்பதால் சூசைக்குக் கிடைக்கவில்லை. அதே தோல், அதே ஊசி, அதே வெயில். உச்ச நீதிமன்றம்வரை போனார். மதம் மாறிய பிறகும் சாதியின் கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டவில்லை என்று 1985இல் தள்ளிவிட்டார்கள்.

ஆதாரம்! வடக்கன்குளத்துக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே ஒரே பீடத்துக்கு இரண்டு மண்டபமாகக் கோயில் கட்டி, சாதிக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, நடுவே தடுப்பும் வைத்தார்கள். அதே வடக்கன்குளத்தில்தான் 1745இல் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனை ஊழியர் நீலகண்டன் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். குடும்பத்தில் அடுத்தடுத்து வந்த இழப்புகளால் கலங்கியிருந்தவருக்கு டச்சுத் தளபதி டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னதாக மரபு. 1749இல் கைது, எருமை மேல் ஊர்வலம், கழுத்தில் எருக்கம்பூ மாலை, காயத்தில் மிளகாய்ப்பொடி, 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். குற்றம் ராஜதுரோகம்தான், மதம் இல்லை என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. 2022 மே 15இல் புனிதர் பட்டம். அதற்கு முன்பே வத்திக்கான் அவர் பெயரிலிருந்து ‘பிள்ளை’யை எடுத்துவிட்டது. அவருடைய சாதி ரோமில் அழிந்தது. இவருடையது இந்த மேஜையில் இன்னும் தட்டெழுத்தாகிக்கொண்டிருக்கிறது.

தேவசகாயத்தின் முன்னால் வந்த சோதனைக்கு முகம் இருந்தது. சிப்பாய், சவுக்கு, எருமை என்று அடையாளம் சொல்ல முடிந்தது. இங்கே வந்தது அன்பாக வந்தது. யேசுவை மறுதலி என்று யாரும் சொல்லவில்லை. ஒரு கட்டத்தில் ஒரு சொல்லை மாற்று, அவ்வளவுதான். உன் பிள்ளை நன்றாக இருக்கட்டும் என்றுதான் அந்தப் பெண் சொன்னாள். அதுவும் சொந்தப் பிள்ளை. சபையில் இவருக்கு என்ன பெரிய மரியாதை கிடைத்துவிட்டது, அதைப் பிடித்துக்கொண்டு நிற்க? கிறிஸ்தவ சபைகளுக்குள்ளும் சாதி ஒழியவில்லை என்று பொய்கயில் யோஹன்னான் இதே நாட்டில் நூறாண்டுக்கு முன்பே வெளியே நடந்து, தனி இயக்கமே கண்டார். அவருக்கிருந்த கோபம் நியாயமானது. இவருக்கு அந்தக் கோபம் இல்லையா, இருந்தும் போகவில்லையா?

அப்பா கேடயம் ஒட்டிய பெட்டியைக் கடையில் விட்டுவிட்டு வந்திருந்தார். கைக்கு வேலை இல்லாமல் ரேஷன் கார்டின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். கடுமையாக ஏதாவது சொல்வார், ஒரு வசனமாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் மகள் பக்கம் திரும்பினார்.

“உன் பேருக்குள்ள விண்ணப்பம் மோளே. நீ சொல்லு.”

மகள் அப்பாவைப் பார்த்த பார்வையை என்னவென்று எழுதுவது? அதில் பக்தி ஒன்றும் இல்லை. எரிச்சல் இருந்தது. எனக்கு அவர்மேல் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை வருஷம் காலரில் ‘எஸ்’ குத்திக்கொண்டு நடந்தவர், முடிவை இருபத்துச் சொச்சம் வயதுப் பெண்ணின் தலையில் வைக்கலாமா? அவர் சத்தியத்துக்கு அவள் அல்லவா எட்டிலிருந்து ஒன்றுக்கு இறங்க வேண்டியிருக்கிறது? கொஞ்ச நேரம் கழித்து, வேறு எப்படிச் செய்திருக்க முடியும் என்றும் தோன்றியது. அவர் வேண்டாமென்றால் அது அவருடைய விசுவாசம். அவளுடையது எது என்று அவளைத் தவிர யாருக்குத் தெரியும்?

“சித்தப்பா வீட்ல ஹிந்துன்னு போட்டாங்க,” என்றாள் மகள்.

“ஆமா.”

“அவங்க மகன் இப்ப எல்.டி. கிளார்க்கு.”

“நல்லா இருக்கட்டும்.”

“உனக்கு வருத்தம் இல்லயா?”

“அவன் வருத்தப்படுதான். என்கிட்ட சொன்னான். நான் அவன ஒண்ணும் சொல்லல.”

பின்னால் உட்கார்ந்திருந்தவர் ‘சீக்கிரம் ஆகட்டும்’ என்று தொண்டையைச் செருமினார். மகள் பிளாஸ்டிக் உறையைத் திறந்தாள், மூடினாள். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை வெளியே எடுத்து, மதம் என்று இருந்த வரியைப் பார்த்தாள். பிறகு மேஜைப் பக்கம் தள்ளினாள்.

“கிறிஸ்தியன்னே போடுங்க சேச்சி. அதுல உள்ளது போலத்தான்.”

“நல்லோணம் ஆலோசிச்சோ?”

“யோசிச்சா நாளைக்கும் இங்கதான் உக்காரணும். போடுங்க.”

விரல்கள் தட்டின. அப்பா ஒன்றும் பேசவில்லை. தோளில் தட்டவில்லை, கண் கலங்கவில்லை, தலையைக்கூட ஆட்டவில்லை. சர்வீஸ் சார்ஜ் எவ்வளவு என்று கேட்டு, சட்டைப் பையிலிருந்து பத்து ரூபாய் நோட்டுகளாக எண்ணி வைத்தார். வில்லேஜ் ஆபீஸிலிருந்து போன் வந்தால் எடுக்க வேண்டும், கிரீமி லேயர் இல்லையென்ற சான்றிதழும் இதோடு வேண்டியிருக்கும், அதற்குத் தனி விண்ணப்பம் என்று சேச்சி சொன்னாள். அவருக்குப் புரியவில்லை. மகளுக்குப் புரிந்தது. அதையும் இப்போதே போட்டுவிடுங்கள் என்றாள். அப்பா மறுபடி பையைத் துழாவினார், போதவில்லை. மகள் தன் பர்ஸைத் திறந்தாள்.

எழுந்து வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

“சேச்சி, எல்.டி.சி. ரேங்க் ஃபைல் பழசு எங்க கிடைக்கும்?”

“பாளையத்துல பழைய புக் விக்கிறாங்கல்ல, அங்க நோக்கு. பாதி விலை கேப்பாங்க. அதிலயும் பேசிக் குறைக்கணும்.”

“அப்பா, இன்னைக்கே போவமா?”

“கடைய அவரு பாத்துட்டு இருக்காரு. மூணு மணிக்கு முன்ன நான் போய் உக்காரணும். அவருக்கு சீட்டு விக்கிற நேரம்.”