களிக்கு ஒரு காஸ்ட் ஷீட்

காலை டிபனுக்கு இனிப்பு சாப்பிடுவது என்றாலே அது ஏதோ வெளிநாட்டுப் பழக்கம் என்று பலருக்கு ஒரு நினைப்பு இருக்கிறது. பான்கேக், வாஃபிள், மேலே கொஞ்சம் தேன், கூடவே ஒரு போட்டோ. விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகிற சாலையில் இருக்கும் மங்கலம்பேட்டை மாதிரி ஊரில் போய் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே இதெல்லாம் காலம் காலமாக நடக்கிற சமாசாரம். பெயர்தான் வேறே.

இட்லி மாவு மிஞ்சிப்போய் புளிக்க ஆரம்பித்துவிட்டதா? வெல்லத்தைக் கரைத்து ஊற்றி, ஏலக்காய் தட்டிப்போட்டால் குழிப்பணியாரம். கோதுமை மாவு மட்டும்தான் இருக்கிறதா? வெல்ல தோசை. கேழ்வரகு மாவில் உப்புத்தண்ணீர் தெளித்துப் பிசறி ஆவியில் வைத்து, தேங்காய்த் துருவலும் நாட்டுச் சர்க்கரையும் கலந்தால் புட்டு. ஆப்பம் என்றால் தேங்காய்ப்பால். வயசுக்கு வந்த பெண் இருக்கிற வீட்டில் உளுந்தங்களி, நடுவில் குழி பண்ணி அதில் நல்லெண்ணெய். ஈரக்கையால் தொட்டுப் பார்த்தால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம்.

இந்தப் பட்டியலைக் கவனித்தால் ஒன்று தெரியும். எதற்கும் தனியாகக் கடைக்குப் போக வேண்டியதில்லை. மிச்சமானது, வீட்டில் இருப்பது, ஊரில் விளைவது, இவ்வளவுதான். சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் நெல் அறுத்த வயலிலேயே உளுந்து எடுப்பார்கள். முந்திரிக்குப் பண்ருட்டி. கரும்புக்குக் கேட்கவே வேண்டாம், நெல்லிக்குப்பத்தில் 1842-லேயே பாரி கம்பெனி சர்க்கரை ஆலை வைத்துவிட்டது. மூலப்பொருள் எல்லாம் பக்கத்திலேயே இருக்கும்போது இனிப்பு டிபன் வராமல் வேறு எங்கே வரும்?

இதில் ராஜா என்றால் அது திருவாதிரைக் களிதான். மார்கழித் திருவாதிரை அன்று சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம். அன்றைக்குப் பல வீடுகளில் காலைச் சாப்பாடே களியும் ஏழுகறிக் கூட்டும்தான். திருநெல்வேலிப் பக்கம் அந்தக் கூட்டுக்குத் தாளகம் என்று பெயர். இனிப்புக் களியும் காரமான கூட்டும் ஒரே இலையில். சாப்பிடாதவர்களுக்கு இது விநோதமாகத் தெரியலாம். சாப்பிட்டவர்கள் அடுத்த வருஷம் வரைக்கும் மறக்க மாட்டார்கள்.

களியின் பின்னால் இருக்கும் கதை பலருக்குத் தெரிந்ததுதான். ஆனால் பி.காம் படிக்கிறவர்கள் அதை இன்னொரு தடவை கேட்கலாம். ஏனென்றால் அதன் நாயகன் ஒரு அக்கவுண்டன்ட்! :-) சேந்தனார் பட்டினத்தாரிடம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர் என்பார்கள். பட்டினத்தார் துறவியானதும் அவருடைய கருவூலத்தைத் திறந்துவிட்டு, எல்லாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொன்னாராம். ராஜா அவரைச் சிறையில் போட்டார். வெளியே வந்த பிறகு தில்லைப் பக்கம் வந்து விறகு வெட்டி விற்றுப் பிழைத்தார். தினமும் ஒரு சிவனடியாருக்காவது சோறு போட்டுவிட்டுத்தான் சாப்பிடுவது என்று வழக்கம் வைத்திருந்தார்.

ஒரு நாள் அடைமழை. விறகு நனைந்துவிட்டது, விற்கவில்லை. வீட்டில் இருந்தது கொஞ்சம் அரிசி மாவுதான். அதைக் களியாகக் கிண்டினார்கள். அடியார் வேஷத்தில் வந்த சிவன் அதைச் சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தையும் கட்டி வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் கோயில் கதவைத் திறந்தால் கருவறை பூராவும் களி சிந்திக் கிடந்ததாம். அப்புறம் ஓடாமல் நின்ற தேர், சேந்தனார் பல்லாண்டு பாடியதும் ஓடியது. அந்தத் திருப்பல்லாண்டு இன்றைக்கும் ஒன்பதாம் திருமுறையில் இருக்கிறது.

வசதி இருந்ததால் செய்த பண்டம் இல்லை களி. கையில் காசு இல்லாத நாளில், வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது என்று செய்தது. வீட்டு இனிப்பு எல்லாவற்றுக்குமே இந்தக் குணம் உண்டு.

இந்தக் கதையில் ஒரு சின்ன விஷயம். பல வீடுகளில் சொல்லும்போது களி கிண்டுவது சேந்தனாரின் மனைவிதான். மழை பெய்கிறது, அவர் கவலைப்படுகிறார், அவள் அடுப்பு மூட்டுகிறாள். ஆனால் கதை சொல்கிறவர்கள் பெரும்பாலும் அவள் பெயரைச் சொல்வதில்லை. கேட்கிறவர்களும் கேட்பதில்லை. கணக்குப்பிள்ளை வீட்டிலேயே ஒரு பற்று வரவு எழுதப்படாமல் விட்டுப்போயிருக்கிறது!

சரி, அந்தக் கணக்கை இப்போது எழுதிப் பார்க்கலாம். ஐந்து பேருக்குக் களி. விலை கடைக்குக் கடை மாறும், இது ஒரு உத்தேசக் கணக்குதான்.

பச்சரிசி கால் கிலோ - 15 ரூபாய்
பாசிப்பருப்பு 50 கிராம் - 6 ரூபாய்
வெல்லம் 400 கிராம் - 28 ரூபாய்
தேங்காய் அரை மூடி - 20 ரூபாய்
நெய் 50 மில்லி - 35 ரூபாய்
முந்திரி 20 கிராம் - 18 ரூபாய்
ஏலக்காய் - 3 ரூபாய்

மொத்தம் 125 ரூபாய். தலைக்கு 25. கேஸ் செலவை விட்டுவிடலாம். எந்த ஸ்வீட் ஸ்டாலிலும் இந்த விலைக்கு நெய் போட்ட இனிப்பை வயிறு நிறையச் சாப்பிட முடியாது. "வீட்டில் செய்தால் எவ்வளவு சீப் பாருங்கள்" என்று எல்லாரும் இங்கேதான் நிறுத்திக்கொள்வார்கள்.

ஆனால் காஸ்ட் அக்கவுண்டிங் முதல் பாடத்திலேயே சொல்லித் தருகிறார்களே, பொருள் செலவு மட்டும் பிரைம் காஸ்ட் ஆகாது, நேரடிக் கூலியும் சேர வேண்டும் என்று. அந்த வரி எங்கே?

முதல் நாள் ராத்திரியே அரிசியைச் சிவக்க வறுக்க வேண்டும். பருப்பைத் தனியாக வாசம் வர வறுத்து, இரண்டையும் ரவை பதத்துக்கு உடைக்க வேண்டும். அரை மணி நேரம். விடிகாலையில் எழுந்து வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி, கொதிக்கவிட்டு, தேங்காய் போட்டு, உடைத்த ரவையைத் தூவிக்கொண்டே கிளற வேண்டும். ஒரு கையால் தூவல், ஒரு கையால் கிளறல். நிறுத்தினால் கட்டி விழும், தீ கூடினால் அடி பிடிக்கும். முக்கால் மணி நேரம். பாத்திரம் தேய்க்கக் கால் மணி நேரம். ஏழு காய் நறுக்கிக் கூட்டு வைப்பது இதில் சேரவில்லை. ஆக ஒன்றரை மணி நேரம்.

இதற்கு என்ன கூலி போடலாம்? 2024-25-ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள் கூலி 319 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்குச் சுமார் 40. ஒன்றரை மணிக்கு 60 ரூபாய். இப்போது களியின் செலவு 185. அதாவது மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு யாருக்கும் கொடுக்கப்படாத கூலி. வீட்டு இனிப்பு சீப் ஆக இருப்பதன் ரகசியம் இதுதான்.

வீட்டுக் கணக்கில் மட்டும் இல்லை, நாட்டுக் கணக்கிலும் இதே கதைதான். ஹோட்டலில் ஒருவர் கேசரி கிண்டினால் அது ஜிடிபியில் ஏறும். அதே கேசரியை வீட்டில் கிண்டினால் ரவையும் சர்க்கரையும் வாங்கிய செலவு ஏறும், கிண்டிய உழைப்பு ஏறாது. பிகு என்ற பொருளாதார அறிஞர் நூறு வருஷத்துக்கு முன்பே இதைக் கிண்டலாகச் சொல்லிவிட்டார். ஒருவர் தன் வீட்டில் சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டால் நாட்டு வருமானம் குறைந்துவிடும் என்று. வேலை அதேதான், சம்பளம் மட்டும் நின்றுவிட்டது!

மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்று ஒன்று இருக்கிறது. யார் எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் செலவிடுகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்பது. 2019-ல் சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 2024-ல் மறுபடி கேட்டபோது பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. அதுவும் வீட்டு வேலை செய்கிற ஆண்களை மட்டும் எடுத்துப் போட்ட சராசரி. பெண்களின் சுமை பத்து நிமிடம் குறைந்திருக்கிறதே என்று சந்தோஷப்படுவதற்குள், ஆண்களும் ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டுவிட்டார்கள்.

இதற்கு நேர் எதிரான ஒரு கதையும் தமிழில்தான் இருக்கிறது. மதுரையில் பிட்டு விற்ற வந்திக் கிழவி கதை. வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு போட்டான். வந்திக்கு யாரும் இல்லை. கூலியாளாக வந்த சிவன் உதிர்ந்த பிட்டைக் கூலியாகக் கேட்டு வாங்கித் தின்றுவிட்டு மண் சுமக்கப் போனார். தில்லையில் களி, மதுரையில் பிட்டு. இரண்டையும் சாப்பிட்டவர் ஒருவரே. ஆனால் வந்தியின் பிட்டு சந்தைக்குப் போகிற பிட்டு, அதனால் அதற்கு மண் சுமந்து விலை கொடுக்க வேண்டியிருந்தது. அவள் பெயரும் கதையில் நின்றுவிட்டது. களி வீட்டுக்குள்ளேயே செய்தது. அது அன்பு என்று சொல்லப்பட்டது. அன்புக்கு யார் பில் போடுவார்கள்?

அன்பு இல்லை என்று இங்கே யாரும் சொல்லவில்லை. ஆனால் திருவாதிரை அன்று வீடுகளில் நடக்கும் ஒரு பேச்சைக் கவனியுங்கள்.

"ஏம்மா, உனக்கு?"

"எனக்கு அடியில ஒட்டிக்கிட்டு இருக்கு. நீ சாப்புடு."

அந்த அடி என்பது காந்தல். நெய் மிதக்கிற மேல்களி மற்றவர்களுக்குப் போய்விடும். இன்னும் சில வீடுகளில் அம்மாவுக்குச் சர்க்கரை நோய். வெல்லம்தானே, ஒன்றும் செய்யாது என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். வெல்லத்திலும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான், ரத்தத்தில் ஏறத்தான் செய்யும். அதனால் அவர் உப்புக்கூடப் பார்க்காமல் கூட்டு வைத்து, வாயில் வைக்காமல் களி கிண்டி, எல்லாருக்கும் பரிமாறிவிட்டுத் தனக்கு இரண்டு இட்லி எடுத்துக்கொள்வார். பதம் மட்டும் ஒரு வருஷமும் தப்பாது. அந்தக் கைத்திறமைக்கு எந்தச் சம்பளக் கமிஷனும் கிரேடு போட்டதில்லை.

2023 செப்டம்பர் 15-ல் தமிழ்நாட்டில் மாதம் 1000 ரூபாய் திட்டம் தொடங்கியபோது அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைக்கவில்லை, உரிமைத் தொகை என்று வைத்தார்கள். தொகை பற்றி ஆயிரம் விவாதம் செய்யலாம். ஆனால் அந்தச் சொல் முக்கியம். எழுதாமல் விட்ட ஒரு வரியைக் கணக்குப் புத்தகத்தில் எழுத ஆரம்பித்தது மாதிரி அது.

வீட்டுக்குள் யாரும் யாருக்கும் 60 ரூபாய் எடுத்து நீட்ட வேண்டியதில்லை. நீட்டினால் அடி விழும். ஆனால் கூலியைக் காசாகத்தான் தீர்க்க வேண்டும் என்று எந்தக் கணக்கிலும் இல்லை, உழைப்பாகவும் தீர்க்கலாம். களி கிண்டுவது தோள் வலிக்கிற வேலை. இருபது வயசுப் பையன் ஒருத்தன் செய்தால் ஒன்றும் குறைந்துவிடாது. அடுத்த மார்கழியில் செய்து பாருங்கள். ஒரு பங்கு ரவைக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர். வெல்லத்தை வடிகட்ட மறக்க வேண்டாம். தீ குறைவாகவே இருக்கட்டும், கரண்டி நிற்கக் கூடாது. வெந்ததும் மேல்களியை எடுத்து, இத்தனை வருஷமாகக் கிண்டியவருக்கு முதல் கிண்ணம். அவருக்குச் சர்க்கரை இருந்தால் ஒரு ஸ்பூன் போதும், பதம் சரியா என்று அவர்தானே சொல்ல வேண்டும்.