கோட்லின்ல இருந்து ஃப்ளட்டருக்கு

ரெண்டு வருஷம் உட்கார்ந்து கத்துக்கிட்டதை ஓரமா வச்சுட்டு வேற ஒண்ணுக்கு மாறணும்னா யாருக்கும் மனசு வராது. எனக்கும் வரல. முதல் வருஷ லீவுல இருந்தே கோட்லின்ல ஆண்ட்ராய்டு ஆப் எழுதுறேன். ஆக்டிவிட்டி, ஃபிராக்மென்ட், எக்ஸ்எம்எல் லேஅவுட், ரீசைக்ளர்வியூ எல்லாம் கைக்குப் பழகிப் போச்சு.

மூணாவது வருஷம் நானும் நண்பனும் சேர்ந்து, காலேஜ் பஸ் எங்க வருதுன்னு காட்டுற ஆப் செஞ்சோம். டிரைவர் அண்ணா போன்ல ஒண்ணு, பசங்க போன்ல ஒண்ணு. நல்லாவே ஓடுச்சு. ஆனா ஐபோன் வச்சிருக்கிறவங்க "எங்களுக்கு எப்போடா?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. தனியா ஸ்விஃப்ட் கத்துக்கிட்டு, அதே திரைகளை மறுபடி எழுதி, ரெண்டையும் பராமரிக்க ரெண்டு பேர் பத்தாது. அதுவும் செமஸ்டர் நடுவுல! அதனால ஃப்ளட்டர் பக்கம் போனோம்.

ஃப்ளட்டர் கூகுளோடது. 2018 டிசம்பர்ல 1.0 வந்தது. டார்ட் மொழியில எழுதணும். கோட்லின் தெரிஞ்சவங்களுக்கு டார்ட் சீக்கிரமே பிடிபட்டுடும். கஷ்டம் மொழியில இல்ல, யோசிக்கிற விதத்துல. பழைய முறையில ஒரு டெக்ஸ்ட்வியூவைத் தேடிப் பிடிச்சு, "இந்த எழுத்தைக் காட்டு"ன்னு நாமதான் சொல்லணும். ஃப்ளட்டர்ல, தகவல் இப்படி இருந்தா திரை இப்படி இருக்கணும்னு மட்டும் எழுதுறோம். பஸ் நகர்ந்தா செட்ஸ்டேட்டைக் கூப்பிட்டா போதும், திரையோட அந்தப் பகுதியை அதுவே திரும்பக் கட்டிக்கும். 2021ல 1.0 வந்த ஆண்ட்ராய்டோட ஜெட்பேக் கம்போஸும் இதே வழிதான். அதனால இந்தப் பழக்கம் எங்க போனாலும் உதவும்.

இன்னொரு வித்தியாசம், ஃப்ளட்டர் போனோட சொந்த பட்டன்களை வாங்கிக் காட்டாது. எல்லாத்தையும் தானே வரையும். அதனாலதான் எல்லாப் போன்லயும் ஒரே மாதிரி தெரியுது. அதுக்கு விலையும் உண்டு. வரையுற எஞ்சினையும் சேர்த்துச் சுமக்கிறதால ஆப் சைஸ் கூடும். ஆனா ஹாட் ரீலோட் இருக்கே, அதுக்காகவே மன்னிச்சிடலாம். கோடை மாத்தி சேவ் பண்ணினதும் ஓடிக்கிட்டிருக்கிற ஆப்லயே மாற்றம் தெரியும். பில்ட் முடியட்டும்னு டீக்கடைக்குப் போற சாக்கு மட்டும் போச்சு!

டிரைவர் ஆப்பை நாங்க மாத்தல. அதுக்குத் திரையே கிட்டத்தட்ட கிடையாது, ஒரே ஒரு பட்டன்தான். முக்கியமான வேலை, போன் திரை அணைஞ்ச பிறகும் இடத்தை அனுப்பிக்கிட்டே இருக்கிறது. அதுக்கு ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் வேணும், மேல நோட்டிஃபிகேஷன் நிக்கணும், பேட்டரி சேமிப்பு அதைக் கொல்லாம பாத்துக்கணும். இது முழுக்க ஆண்ட்ராய்டு சமாச்சாரம். ஃப்ளட்டர்ல பிளகின் போட்டாலும் அடியில ஓடப்போறது அதே நேட்டிவ் கோடுதான். டிரைவர் அண்ணாக்கள் எல்லார்கிட்டயும் ஆண்ட்ராய்டு போன்தான் இருக்கு. அப்புறம் எதுக்கு மாத்தணும்?

ஐபோன் கதை அதோட முடியல. கோடு ஒண்ணா இருந்தாலும், ஐஓஎஸ் பில்ட் எடுக்க எக்ஸ்கோட் ஓடுற மேக் வேணும். ஆப் ஸ்டோர்ல போட வருஷத்துக்கு 99 டாலர். பிளே ஸ்டோருக்கு ஒரே ஒரு தடவை 25 டாலர் கட்டினா முடிஞ்சது. எங்ககிட்ட மேக்கும் இல்ல, 99 டாலரும் இல்ல. ஃப்ளட்டர் 2ல இருந்து, அதாவது 2021 மார்ச்ல இருந்து, அதே கோடை வெப்புக்கும் பில்ட் பண்ணலாம். அதைத்தான் செஞ்சோம். ஐபோன்காரங்க இப்போ சஃபாரில திறந்து பஸ்ஸைப் பாக்கிறாங்க. முதல் தடவை லோட் ஆகக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

"அண்ணா, நேட்டிவ் படிக்கவா, ஃப்ளட்டர் படிக்கவா?"ன்னு ஜூனியர்ஸ் கேக்கிறாங்க. உங்க ஆப் அதிகம் பேசப்போறது ஆளுங்க கிட்டயா, போன் கிட்டயான்னு பாருங்க. ஆளுங்க கிட்டன்னா ஃப்ளட்டர், போனோட உள்வேலை கிட்டன்னா நேட்டிவ். எங்க பஸ்ஸுக்கு ரெண்டும் தேவைப்பட்டுச்சு. கோட்லின் படிச்ச ரெண்டு வருஷம் எங்கயும் போகல. இன்னைக்குக் காலையிலயும் அது டிரைவர் அண்ணா சட்டைப்பையில ஓடிக்கிட்டுதான் இருக்கு.