ருவைஸ் கடலில் நம்ம ஊர் ஆவுளியா

ருவைஸ் என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைதான். அபுதாபியிலிருந்து மேற்கே சுமார் 240 கிலோமீட்டர், வழி நெடுக மணல். வார இறுதியில் வருகிற உறவுக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இங்க பிள்ளைங்களுக்குக் காட்ட என்ன இருக்கு?" நான் அவர்களைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். அந்தக் கடலில் இருக்கும் அதிசயம் லேசில் கண்ணில் படாது. ஆனால் கதையாகச் சொன்னால் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

ருவைஸுக்குக் கிழக்கே, மிர்ஃபா பக்கத்துக் கடலில் மரவா கடல் காப்பகம் இருக்கிறது. 4,255 சதுர கிலோமீட்டர் பரப்பு. 2007இல் யுனெஸ்கோ அதை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றுக்கொண்டது. ஆழமில்லாத அந்தக் கடலின் அடியில் பச்சைப் பசேலென்று கடற்புல் வெளிகள். அங்கே மேய்வது கடற்பசு. அபுதாபி கடலில் சுமார் 3,000 கடற்பசுக்கள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவை விட்டால் உலகத்திலேயே அதிகமாக இருப்பது இந்தப் பகுதியில்தான்.

மூன்று மீட்டர் நீளம், நானூறு கிலோ வரை எடை. யானைக்குத் தூரத்துச் சொந்தம். கண் சிறியது, பார்வையும் சுமார்தான். மண் கலங்கிய தண்ணீரில் பெரிய கண் இருந்தாலும் என்ன பயன்? அதன் சாமர்த்தியம் மேலுதட்டில் இருக்கிறது. அகலமான அந்த உதட்டில் விறைப்பான முடிகள். ஒவ்வொரு முடியின் அடியிலும் நரம்புகள். நாம் இருட்டில் விரலால் தடவிச் சாவியைத் தேடுவது போல, அது உதட்டால் தடவிப் புல்லைக் கண்டுபிடித்து வேரோடு பிடுங்கித் தின்கிறது. மேய்ந்து போன இடத்தில் மணலில் வரப்பு போட்டது போல நீளத் தடம் விழும். உடம்பில் ஆங்காங்கே இருக்கும் மெல்லிய முடிகளுக்கும் தொடு உணர்ச்சி உண்டு.

வெளியே தெரிகிற காதுமடல் கிடையாது. ஆனால் நன்றாகக் கேட்கும். பறவை மாதிரி கீச்சுக் குரல் கொடுத்து ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். குட்டி ஒன்றரை வருஷம் வரைகூடத் தாய்ப்பால் குடித்துக்கொண்டு அம்மா பக்கத்திலேயே நீந்தும்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் என் மகள் கேட்டாள்: "அப்பா, இவ்வளவு நல்லா காது கேட்டா, வலை இருக்கிறது அதுக்குத் தெரியாதா?"

வலை சத்தம் போடாதே! அங்கேதான் சிக்கல். மெல்லிய நைலான் வலை கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் கேட்காது. உதட்டு முடியில் படும்போது உடம்பு மாட்டியிருக்கும். கடற்பசு மீன் இல்லை, நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடுகிற பிராணி. சில நிமிஷத்துக்கு ஒருமுறை மேலே வந்தே ஆகணும். வர முடியாவிட்டால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். இந்தக் கடலில் கடற்பசுக்கள் சாவதற்கு முக்கியக் காரணமே வலைகள்தான். பல ஆண்டுகளுக்கு ஒரு குட்டிதான் போடும் என்பதால், ஒன்று போனாலும் ஈடுகட்ட வெகுகாலம் ஆகும்.

அப்பாவுக்குப் பாக் நீரிணைக் கரைதான் சொந்த ஊர். அவர் இதைக் கடற்பசு என்று சொல்லமாட்டார், ஆவுளியா என்பார். அந்தக் காலத்தில் அதன் கறியைச் சாப்பிட்டவர்கள் எங்கள் ஊர்ப் பக்கத்திலும் உண்டு. அதையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்கிறேன். இப்போது இந்தியக் கடலில் மொத்தமே சுமார் 240 ஆவுளியாக்கள்தான் மிச்சம் என்பது தமிழக அரசின் கணக்கு. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை இந்தியாவின் முதல் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தார்கள். வலையில் மாட்டியதை அறுத்துவிட்டு உயிரோடு அனுப்பும் மீனவர்களுக்கு வனத்துறை பரிசு கொடுக்கிறது. அறுபட்ட வலை அவர்களுக்கு எவ்வளவு பெரிய நஷ்டம் என்பது கரையில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். 2025 அக்டோபரில் உலக இயற்கைப் பாதுகாப்பு மாநாடு நடந்தது நம் அபுதாபியில்தான். அங்கே அந்தப் பாக் நீரிணைக் காப்பகத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது.

ருவைஸ் பக்கம் வந்தால், ஜபல் தன்னாவிலிருந்து டெல்மா தீவுக்குப் படகில் போய் வாருங்கள். கடற்பசு தெரியும் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். தெரிந்தாலும் மூச்சு விட வரும் மூக்கு நுனி மட்டும்தான். சொந்தப் படகோ வாடகைப் படகோ எடுத்தால், புல்வெளி இருக்கிற ஆழமில்லாத இடத்தில் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். தூண்டில் நரம்பைத் தண்ணீரில் வீசாதீர்கள்.

பள்ளியில் பிள்ளைகள் இதை 'டுகாங்' என்று படிப்பார்கள். வீட்டில் 'ஆவுளியா' என்ற பேரையும் சொல்லிக்கொடுங்கள். தாத்தா ஊர்க் கடலிலும் தாங்கள் வளரும் கடலிலும் ஒரே பிராணிதான் மேய்கிறது என்று தெரிந்த பிள்ளைக்கு, இரண்டு கடலும் சொந்தமாகிவிடும்.