உள்பக்கம்

சங்கரன்கோவிலில் எங்கள் தெரு தறிச் சத்தத்தில்தான் விடியும். அப்பா கூலிக்கு விசைத்தறி ஓட்டினார். யார் புதுச் சேலை கொண்டுவந்து காட்டினாலும் முந்தியைப் பார்க்க மாட்டார். உள்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடிப்பார். இழை எங்கே அறுந்தது, எப்படி முடிச்சுப் போட்டார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும் என்பார்.

2004 கோடை விடுமுறையில் எனக்கு 11 வயது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. மணிக்கு 20 ரூபாய். பிளைவுட் தடுப்பு வைத்த ஐந்து அறைகள், ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு டேபிள் ஃபேன், கரண்ட் போனால் கீச்சிடும் யூபிஎஸ். கடை அண்ணனுக்கு டீ வாங்கிக் கொடுத்தால், ஆள் வராத மதியங்களில் அரைமணி நேரம் காசில்லாமல் உட்கார விடுவார்.

அப்படி ஒரு மதியத்தில் மவுஸின் வலது பொத்தானைக் கை தவறி அழுத்தினேன். ஒரு பட்டியல் விரிந்தது. அதில் 'வியூ சோர்ஸ்' என்று ஒரு வரி. தொட்டதும் நோட்பேட் திறந்து, அம்புக்குறிகளுக்குள் அடைத்த சொற்கள் வரிவரியாக வந்து நின்றன.

"அண்ணே, ஏதோ கெட்டுப்போச்சு."

எட்டிப் பார்த்தார். "கெடலைல. இதுதான் அந்தப் பேஜு. இதைப் படிச்சுப் பாத்துத்தான் பிரவுசர் உனக்குப் படமா வரைஞ்சு காட்டுது."

சேலையைத் திருப்பிப் பிடித்த அப்பாவின் கைதான் அப்போது நினைவுக்கு வந்தது. மறுநாள் 80 பக்க நோட்டோடு போனேன். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. அதனால் திரையில் இருந்ததைக் கையாலேயே எழுதிக்கொண்டேன். தலைப்புக்கு எந்தக் குறி, நிறத்துக்கு எந்தக் குறி, எதைத் திறந்தால் எதால் மூட வேண்டும் என்று ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து பிரித்துப் பார்ப்பேன்.

ஒரு தமிழ்ப் பத்திரிகையின் பக்கத்தைத் திருப்பியபோதுதான் குழம்பிப்போனேன். வெளியே நல்ல தமிழ். உள்ளே தமிழே இல்லை. தலையில் கோடும் புள்ளியும் வைத்த ரோமன் எழுத்துகள்தாம் கொட்டிக் கிடந்தன. அந்தக் காலத்தில் பல தளங்கள் தங்கள் எழுத்துருவைக் கொண்டு அந்த எழுத்துகளுக்குத் தமிழ் வேடம் போட்டுவிடும். எழுத்துரு இறங்காவிட்டால் வேடம் கலைந்துவிடும். அண்ணன்தான் எழுத்துக்கு ஒரு எண் தரும் யூனிகோடு அட்டவணையை அச்செடுத்துக் கொடுத்து, அதில் பதினாறின் கணக்கில் இருந்த எண்களைச் சாதாரண எண்களாக மாற்றவும் கற்றுத்தந்தார். 'அ'வுக்கு 2949. 'ம'வுக்கு 2990. மெய்யெழுத்தின் புள்ளிக்கே தனியாக ஒரு எண், 3021. துணைக்காலுக்கு 3006.

2949, 2990, 3021, 2990, 3006. நோட்பேடில் உரிய குறிகளோடு இந்த ஐந்தையும் அடித்துச் சேமித்து, பிரவுசரில் திறந்தேன். 'அம்மா' என்று வந்தது. வேடம் இல்லாத தமிழ். அந்த அறையில் எழுந்து நின்றுவிட்டேன்.

2009-இல் மாமா ஒரு நோக்கியா வாங்கினார். தமிழ்ப் பக்கம் எதைத் திறந்தாலும் கட்டம் கட்டமாக வந்தது. ஓபரா மினி பிரவுசரின் முகவரிப் பட்டையில் 'ஓபரா:கான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் அடித்து, சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டும் வசதிக்கு 'யெஸ்' கொடுத்தால் தமிழ் தெரியும் என்று நண்பன் சொன்னான். தெரிந்தது. எங்கோ ஒரு சர்வர் பக்கத்தை வாங்கி, சுருக்கி, எழுத்துகளைப் படமாக்கி அனுப்புகிறது என்று பிறகு புரிந்துகொண்டேன். அந்தச் சின்னத் திரையில் தமிழ் வந்ததை மாமா தெருவுக்கே காட்டி மகிழ்ந்தார்.

இன்று பகலில் மருந்துக் கடை, இரவு பத்து மணிக்கு மேல் புரோகிராம். புது பிரவுசர் எது வந்தாலும் இறக்கிப் பார்த்துவிடுவேன். குரோம், எட்ஜ், பிரேவ், விவால்டி, ஓபரா எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது குரோமியம்தான். ஒரே தறியில் நெய்து வேறு வேறு கரை போட்ட சேலைகள். ஃபயர்ஃபாக்ஸுக்கும் சஃபாரிக்கும் சொந்தத் தறி இருக்கிறது. ஆண்ட்ரியாஸ் கிளிங் தொடங்கிய லேடிபேர்டு என்ற பிரவுசர் முதல் இழையிலிருந்து புதிதாக நெய்யப்படுகிறது. அதன் நிரலைத் திறந்து படிக்கும் இரவுகளில் அந்த மாடி அறைக்கே போய்விடுகிறேன். 2025-இல் வந்த காமெட், அட்லஸ் போன்ற ஏஐ பிரவுசர்கள் பக்கத்தைத் தாங்களே படித்துச் சாரத்தைச் சொல்லிவிடுகின்றன. வேலை மிச்சம்தான். ஆனால் பக்கத்தையே பார்க்காத பிள்ளைக்கு அதைத் திருப்பிப் பார்க்கத் தோன்றுமா என்பது என் உண்மையான கவலை. ஃபோன் ஆப்பில் திருப்புவதற்குப் பக்கமே கிடையாது. 1990-இல் டிம் பெர்னர்ஸ்-லீ செய்த முதல் பிரவுசரில் பக்கத்தைப் பார்க்கவும் முடியும், அங்கேயே எழுதவும் முடியும். படிப்பவனும் எழுதுவான் என்று நம்பிச் செய்த கருவி அது.

2014-இல் அப்பாவுக்காக ஒரு ஆண்ட்ராய்டு ஆப் எழுதினேன். நெய்த சேலை எத்தனை, வாரக் கூலி எவ்வளவு என்று கணக்கு வைக்கும். போன வருடம் அவருக்குப் புது ஃபோன் வாங்கியபோது அது ஏறவில்லை. ஆண்ட்ராய்டு 14 முதல், ஆறாம் பதிப்புக்கு முந்தைய முறையில் எழுதிய ஆப்களை நிறுவ விடுவதில்லை. பழைய முறையில் எழுதியவை நிறுவும்போதே எல்லா அனுமதியையும் மொத்தமாக வாங்கிக்கொள்ளும். அதனால் பாதுகாப்புக்காக வைத்த விதி. நியாயமான காரணம்தான். ஆனாலும் அப்பா மறுபடி டைரியில் எழுதத் தொடங்கியதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. அந்தக் கணக்கை இப்போது ஒரே ஹெச்டிஎம்எல் கோப்பாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அதை எழுதிய இரவில் பழைய மெயிலைத் தேடினேன். அந்த 'அம்மா' பக்கத்தை அன்றைக்கே அண்ணன் என் மெயிலுக்கு இணைத்து அனுப்ப வைத்திருந்தார். இறக்கி, குரோமில் திறந்தேன். பிறகு ஃபயர்ஃபாக்ஸில். பிறகு ஃபோனில். இளநீலப் பின்னணியில் 'அம்மா', அதன் கீழே அப்பா பெயர், தெருப் பெயர், ஊர்ப் பெயர். அப்பா பெயரைத் தடித்த எழுத்தாக்கத் திறந்த குறியை மூட அன்று மறந்திருக்கிறேன். மூடாத குறியை எப்படி ஏற்றுக்கொள்வது என்று பிரவுசர்களுக்கு இப்போது பொதுவான விதி இருக்கிறது. மூன்றிலும் ஒரே மாதிரி, அப்பா பெயரிலிருந்து ஊர்ப் பெயர் வரை எல்லாமே தடித்து நின்றன.