கடைசியாகப் போனது யார்?



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். பெங்களூரில் லினக்ஸ் கெர்னலுக்கு டிரைவர் எழுதும் வேலையாம். "அப்படின்னா என்னப்பா?" என்று கேட்டேன். ஐந்தாம் வகுப்பில் நான் சொன்னதுபோல, எனக்குப் பொறுமையாகச் சொன்னார்.

கெர்னல் என்பது கணினியின் எல்லா மென்பொருளுக்கும் அடித்தளம். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே கேமரா, யூ.எஸ்.பி. போன்றவற்றில் வேலையில்லாததைத் தூங்கவைப்பதும் அதன் பொறுப்பு. இதற்கான பொது ஏற்பாடு 2009இல் லினக்ஸில் சேர்ந்தது. ரஃபேல் வைசாக்கி என்பவர் முன்னின்று செய்தது. ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண்ணிக்கை உண்டு. பயன்படுத்த வருபவர் ஒன்று கூட்டணும், முடித்ததும் ஒன்று கழிக்கணும். பூஜ்ஜியம் வந்தால்தான் தூக்கம். அதுவும் உடனே இல்லை. திரும்ப யாராவது கூப்பிடலாம் என்று கொஞ்சம் காத்திருக்கும். யூ.எஸ்.பி.க்கு வழக்கமாக 2 விநாடி. பிள்ளைக் கருவி விழித்திருந்தால் தாய்க் கருவியும் பொதுவாகத் தூங்காது. எங்கள் அம்மா ஞாபகம் வந்தது.

"ஒருத்தர் கழிக்க மறந்தா?" என்றேன்.

"அந்தக் கருவி தூங்கவே தூங்காது சார். வெளியே ஒண்ணும் தெரியாது, பேட்டரி மட்டும் தீரும்."

இன்னொன்றும் சொன்னார். கருவியை எழுப்பும் கட்டளை தோற்றுப்போனாலும் எண்ணிக்கை கூடிவிடுமாம். "எழும்பவே இல்லையே, எதைக் கழிக்கிறது?" என்று பலர் விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு டிரைவராகத் திருத்தினார்கள். 2020இல், தோற்றால் தானே கழித்துக்கொள்ளும் புதிய கட்டளை ஒன்றைச் சேர்த்தார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. வகுப்பே ஒரே தப்பைச் செய்தால் தப்பு பாடத்தில்தான் என்று பயிற்சிப் பள்ளியில் படித்தவன் நான்.

கிளம்பும்போது அவர் சிரித்தபடி கேட்டார்: "சார், ஃபேன் ஞாபகம் இருக்கா?"

இருந்தது. 'கடைசியாகப் போகிறவன் ஃபேனை அணைக்கணும்' என்பது என் சட்டம். ஒரு வெள்ளிக்கிழமை அணைக்கவில்லை. திங்கள் காலைவரை ஓடியிருக்கிறது. வகுப்புத் தலைவன் இவரைக் கைகாட்டினான். ஒரு பீரியட் முழுக்க முட்டிபோட வைத்தேன்.

"நான் போகும்போது ரெண்டு பேர் உள்ளே எழுதிட்டு இருந்தாங்க சார்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கலையே சார்."

யார் கடைசி என்று போகிறவனுக்கு எப்படித் தெரியும்? உள்ளே எத்தனை பேர் என்று எண்ண நான் வழி வைக்கவில்லை. சட்டத்தில் இருந்த ஓட்டைக்குப் பத்து வயதுப் பிள்ளை முட்டி தேய்ந்தது.

வாசலிலேயே மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார்" என்றார். எனக்குத்தான் விட முடியவில்லை. 34 வருட சர்வீஸில் இப்படி இன்னும் எத்தனையோ? கேட்காமல் தண்டித்த பிள்ளை யாராவது இதைப் படித்தால், கீழே எழுதுங்கப்பா. இப்போதாவது கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சார்