இரண்டு வரி அறிமுகம்

சென்ற ஆண்டு எம் ஊர் மண்டபத்தில் மருத்துவக் கூட்டம் ஒன்று நடைபெற்றது. அறுவைக்கு முன்னும், அறுவையின்போதும், அதன் பின்னும் நோயாளியைப் பேணும் முறை குறித்து, மூத்த அறுவை மருத்துவர் ஒருவரும் மயக்க மருத்துவர் ஒருவரும் பொதுமக்களுக்கு எடுத்துரைப்பதாக ஏற்பாடு. அவ்விருவரையும் அறிமுகம் செய்து எழுதிப் படிக்கும் பணி நம்மிடம் வந்தது. மத்ரஸாவில் அரபி இலக்கணம் நடத்துபவருக்கு இது எதற்கு என வாசகர் வினவலாம். ஊரில் தமிழ் எழுதத் தெரிந்தவர் என்று பெயரெடுத்துவிட்டால் தப்ப முடியாது. திருமண வாழ்த்து முதல் மீஸான் கல் வாசகம் வரை எழுதியாயிற்று.

குறிப்புகள் வந்து சேர்ந்தன. அறுவை மருத்துவருடையது ஒரு முழுப் பக்கம். மயக்க மருத்துவருடையது இரண்டே வரி. அவ்விரண்டு வரியிலிருந்த பெயரைக் கண்டதும் நமக்கு நெஞ்சு குறுகுறுத்தது.

அதற்கு ஆறு மாதம் முன்னர் எம் ராத்தாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை நிச்சயமாகியிருந்தது. அறுப்பவர் யார், எங்கே பயின்றவர், எத்தனை மூட்டு மாற்றியவர் என ஒரு வாரம் விசாரித்தோம். மயங்கச் செய்பவர் யாரென ஒருவரும் கேட்டோமில்லை. முதல் நாள் மாலை ஓர் அம்மையார் வந்தார். ஆடும் பல் உண்டா, குறட்டை உண்டா, என்னென்ன மாத்திரை உட்கொள்கிறீர்கள் என்று வினவினார். ராத்தாவின் துணிப்பையை வாங்கிக் கட்டில்மீது கவிழ்த்தார். இதய வைத்தியர் எப்போதோ எழுதித் தந்த, இரத்தம் உறையாதிருப்பதற்கான மாத்திரை அதில் இருந்தது. ராத்தா அதைச் சொல்ல மறந்திருந்தார், நாமும் அறியோம். இதய வைத்தியரைக் கலந்துகொண்டு, அறுவையை ஒரு வாரம் தள்ளி வைத்துவிட்டார் அம்மையார்.

“கத்தி பிடிப்பவர் ஆயத்தமாய் இருக்க, ஊசி போடுபவர் தடுப்பதா?” என்று நடைக்கூடத்தில் பலர் கேட்க நாம் உரத்துப் பேசினோம். அவர் மறுமொழி கூறவில்லை. முதுகுத் தண்டின் அருகே ஊசி செலுத்துகையில் உள்ளே இரத்தம் கசிந்து தேங்கினால் நரம்புகளை அழுத்திக் கால்களையே முடக்கிவிடக்கூடும் என்பதும், அம்மாத்திரையின் வேகம் தணிய ஐந்து முதல் ஏழு நாள் வேண்டும் என்பதும் பின்னர்தான் நமக்கு விளங்கின.

ஒரு செய்தியைச் சொல்பவர் அதனை யாரிடம் பெற்றார், தாமே கண்டாரா என்று துருவுவதிலேயே ஆயுளைக் கழித்த ஹதீஸ் கலையினரின் நூல்களை ஓதி வளர்ந்தவர் நாம். அக்கேள்வியை மருத்துவமனை வாசலில் பாதியிலேயே விட்டுவிட்டோம். அந்த வெட்கத்தால், அறிமுகம் எழுதுமுன் இத்துறைப் பெரியோர் சிலரின் வரலாறுகளைத் தேடிப் படித்தோம்.

முதலில் எடுத்தது நமக்குப் பழகிய பெயர்: ஸ்பெயினின் குர்துபா நகரை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவைச் சேர்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி. முப்பது பகுதிகள் கொண்ட ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் இறுதிப் பகுதி அறுவையைப் பற்றியது. அதன் முன்னுரையில் பிறர் தவறுகளைத் தாம் நேரில் கண்டவாறே கூறுகிறார். முதியவர் ஒருவரின் நீர்ப்பையில் பெரிய கல். அஸ்ஸஹ்ராவியையே முன்னர் அழைத்திருந்தனர். கல்லின் அளவையும் ஆளின் நிலையையும் பார்த்து, இவர் பிழையார் என அவர் கணித்தார். வேறொருவர் துணிந்து அறுத்தார். மூன்று நாள் அளவில் முதியவர் இறந்தார். அறுக்கக் கூடாத வேளையை அறிவதும் அறுவைக் கலையே என்பது ஆயிரம் ஆண்டுக்கு முந்திய இந்நூலில் இருக்கிறது.

அமெரிக்கப் பெண்மணி வர்ஜீனியா ஆப்கர் 1933இல் கொலம்பியாவில் மருத்துவப் பட்டம் பெற்று, அறுவையிலேயே பயிற்சி பெற்றவர். அவருடைய தலைவர் ஆலன் விப்பிள், மயக்கவியல் வளராமல் அறுவை வளராது என்று கருதி அவரை அத்துறைக்குத் திருப்பினார். பெண்ணுக்கு அறுவைத் தொழிலில் பிழைப்பு அமையாது என்ற எண்ணமும் அதில் கலந்திருந்தது, அதை மறைப்பானேன்? பிறந்த குழந்தையை ஒரு நிமிடத்தில் மதிப்பிடும் முறையை 1953இல் அவர் வெளியிட்டார். இன்றும் அவர் பெயராலேயே அது வழங்குகிறது.

டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட் இதற்கு எதிர்த்திசையில் நடந்தவர். குடல் அறுவை வல்லுநரான அவர், வலியடக்கம், உணவு, விரைவில் எழுந்து நடத்தல் யாவும் ஒன்றோடொன்று பிணைந்தவை என விளக்கும் தம் கட்டுரையை 1997இல் மயக்கவியல் இதழில் வெளியிட்டார். குடலறுத்த நோயாளர் ஒரு வாரத்துக்கு மேல் படுத்திருந்த காலத்தில், இரண்டே நாளில் வீடு திரும்பலாம் என்று 1999இல் காட்டினார்.

இவற்றைப் படித்தபின், நம் பேச்சாளர் இருவரையும் நேரில் கண்டு, தாளில் இல்லாததைக் கேட்டோம். அறுவை மருத்துவர் சற்றே சிரித்துக்கொண்டார். இளமையில் மயக்க மருத்துவரே இல்லாத சிற்றூர் மருத்துவமனையில், முதுகு ஊசியைத் தாமே போட்டு, பின் கைகழுவித் தாமே அறுத்ததாகவும், அறுக்கும்போது நாடியைக் கவனிக்க ஆளில்லாத அந்த அச்சம் இன்னும் நீங்கவில்லை என்றும் கூறினார். பட்டங்கள் நிறைந்த அந்தப் பக்கத்தில் இது இல்லை. எழுதலாமா என்றோம். “எழுதுங்கள்” என்றார்.

அம்மையார் நம்மை அடையாளம் கண்டாரில்லை. நாமே சொல்லி மன்னிப்புக் கோரினோம். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. “அறுவை முடிந்தபின் அந்த மாத்திரையை மறுபடி தொடங்கினார்களா?” என்று கேட்டார்.

நமக்குத் தெரியவில்லை. அறிமுகத் தாளை மடித்து வைத்துவிட்டு, ராத்தா வீட்டுக்கு நடந்தோம்.